கிணற்று நீச்சலும் வித்துவானின் காதும்

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நீச்சல் பழக்கும் தொழிலில் தண்ணீரோடு படும் பாடு கால்வாசி, வாயோடு படும் பாடு முக்கால்வாசி. சின்னப் பிள்ளைகளைத் தண்ணீருக்குள் இறக்கினால் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு நீந்தத் தொடங்கிவிடுவார்கள். பெரியவர்கள் அழுவதில்லை. படியில் நின்றுகொண்டு முதலில் விளக்கம் கேட்பார்கள், பிறகு எனக்கே விளக்கம் சொல்வார்கள். மனைவிக்கு மோட்டார் சைக்கிள் பழக்கியவர்கள், மாமனாருக்குக் கைத்தொலைபேசி பழக்கியவர்கள் எல்லோரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருங்கள். உங்களுக்கு என் பாடு விளங்கும்.

நான் குருநகர்க்காரி. பள்ளிக்கூடக் காலத்தில் நீச்சல் போட்டிகளுக்குப் போய், பிறகு முறைப்படி பயிற்சி எடுத்து, இப்போது யாழ்ப்பாணம் ரவுணில், பட்டணத்துக்கு நடுவில், ஒரு ஹோட்டலின் நீச்சல் தடாகத்தில் வகுப்பு நடத்துகிறேன். காலையில் ஆண்கள், பின்னேரம் பெண்கள். அநேகமாக எல்லோருமே டொக்டர் சொல்லி வருகிறவர்கள். முழங்கால், இடுப்பு நாரி, சீனி, பிரஷர் என்று ஆளுக்கொரு வருத்தத்தோடு வந்து நிற்பார்கள். என்னிடம் வந்து நீந்தத் தெரியாமல் திரும்பிப் போனவர் ஒருவரும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. அப்படிப்பட்ட வகுப்பையே இழுத்து மூட வேண்டி வருமோ என்று போன வருடம் ஒரு நிலைமை வந்தது. ஒருவரும் தண்ணீரில் தாழவில்லை, ஒருவரும் வழுக்கி விழவில்லை. எல்லாம் காதால் வந்த வினை.

நேரே போக இடமில்லாத நீச்சல்

பரமானந்தம் அண்ணை உரும்பிராயில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் செய்கிற கமக்காரர். குந்தியிருந்து களை பிடுங்கிப் பிடுங்கி முழங்கால் தேய்ந்துவிட்டது. நடந்தால் நோகிறது என்றதும் டொக்டர் நீந்தச் சொல்லி அனுப்பிவிட்டார். முதல் நாளே எனக்கு வகுப்பு எடுத்தார். தான் தோட்டக் கிணற்றுக்குள் குதித்து வளர்ந்த ஆள் என்றும், தனக்கு நீச்சல் பழக்குவது எனக்கு வீண் சிரமம் என்றும், ஒரு மூலையில் விட்டால் தன்பாட்டில் நீந்திவிட்டுப் போய்விடுவதாகவும் சொன்னார்.

சரி, அந்தக் கரைக்குப் போய் வாருங்கள் என்றேன். குதித்தார். நன்றாகத்தான் நீந்தினார். ஆனால் இரண்டு மூன்று முறை கையை வீசியதும் இடப்பக்கம் திரும்பினார். திரும்பித் திரும்பி ஒரு முழு வட்டம் போட்டு, குதித்த இடத்துக்கே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்தது என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். இன்னொரு முறை விட்டுப் பார்த்தேன். மறுபடியும் வட்டம். மற்றவர்கள் எல்லோரும் ஒதுங்கி நின்று அவருக்கு இடம் விட்டார்கள். அடியில் நீலக் கோடு போட்டிருக்கிறதே, அதைப் பார்த்து நேரே போகக்கூடாதா என்று கேட்டேன். மனிதர் கோபிக்கவில்லை. எனக்கு விளங்கவில்லையே என்ற கவலையோடு பதில் சொன்னார்:

"கிணத்துக்குள்ள நேரா எங்க ரீச்சர் போறது?"

சனி முழுக்கு

ஒரு சனிக்கிழமை காலை ஆண்கள் எல்லோரும் இறங்கிச் சிறிது நேரத்தில் தண்ணீருக்கு மேல் நிறம் நிறமாக ஏதோ மிதந்தது. நான் முதலில் தண்ணீர் மோட்டார் பழுதாகி எண்ணெய் கசிகிறது என்றுதான் நினைத்தேன். விசாரித்தால் எண்ணெய் கசிந்தது என் மாணவர்களிடமிருந்து. சனி முழுக்குக்கு வீட்டிலேயே தலையிலும் உடம்பிலும் நல்லெண்ணெயை அப்பி ஊறவிட்டு, காதுக்குள்ளும் இரண்டு சொட்டு விட்டு, எப்படியும் தண்ணீருக்குள்தானே இறங்கப் போகிறோம் என்று முழுக்கை இங்கே முடிக்க வந்திருக்கிறார்கள். ஒருவர் சீயாக்காய்த் தூளும் கடதாசிச் சரையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பிடித்து வெளியே விட்டேன்.

அன்று முதல் சனிக்கிழமை வகுப்பு இல்லை. மற்ற நாட்களில் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்கலாம். சட்டம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் ஹோட்டல் மனேஜர் நிற்கிறார். மெல்லிய மனிதர், சத்தம் போடமாட்டார். தடாகத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து தண்ணீரைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ரீச்சர், இது நீச்சல் தடாகமோ, வடை சுடுற தாச்சியோ?"

காதுக்கு அளவான திறப்பு

வகுப்புத் தொடங்கிக் கொஞ்சக் காலத்தில் பரமானந்தம் அண்ணை வலது காதைப் பொத்திக்கொண்டு வந்தார். காது மடலை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். மனிதர் ஒரு முழம் துள்ளினார். இழுத்தால் நோகிறது என்றால் நோ அநேகமாக வெளிக்காதில்தான். நீந்துகிறவர்களுக்கு வருவது. காதுக்குழாயில் தங்கிய தண்ணீரில் தோல் ஊறி மெதுமையாகும். அந்த நேரத்தில் எதையாவது விட்டுக் குடைந்தால் தோல் உரியும், கிருமி ஏறும், வீங்கும். உடனே டொக்டரிடம் அனுப்பினேன். மருந்துச் சொட்டு எழுதி, மாறும்வரை தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்று மறித்துவிட்டார்.

எதை விட்டுக் குடைந்தார் என்று விசாரிக்கப் போய்த்தான் என் வகுப்பு ஒரு ஆயுதக் கிடங்கு என்று தெரிந்தது. ஒருவரிடம் கோழி இறகு, ஒருவரிடம் நெருப்புக்குச்சி, படித்தவர்களிடம் பஞ்சு சுற்றிய குச்சி. பெண்கள் பக்கம் கொண்டையூசி. எல்லாவற்றையும் வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். குறும்பி அழுக்கில்லை, காதுக்குக் கடவுள் பூசிவிட்ட மெழுகு, அதைச் சுரண்டாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். மனேஜரின் காதுக்கும் சங்கதி போய்விட்டது. தண்ணீர் சரியில்லை என்று ஹோட்டலுக்குப் பெயர் கெடும், இன்னொரு காது நொந்தால் வகுப்பை நிறுத்தச் சொல்லி முதலாளி சொல்லிவிட்டார் என்றார்.

பரமானந்தம் அண்ணையின் ஆயுதம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் சாவி, எங்கள் ஊர்ப் பேச்சில் திறப்பு. அந்த மோட்டார் சைக்கிளை எப்போதோ விற்றுவிட்டார். திறப்பு மட்டும் ஏன் இன்னும் கையில் இருக்கிறது என்று கேட்டேன்.

"வாங்கினவனுக்கு மற்றத் திறப்பைக் குடுத்திட்டன் ரீச்சர். இது காதுக்கு அளவா இருந்தது."

மொட்டைத் தலைக்குக் காற்று

அதன் பிறகு நீச்சல் முடிந்ததும் என் வகுப்பில் ஒரு சடங்கு நடக்கும். ஒருவரும் தப்ப முடியாது. தலையை ஒரு பக்கம் சரித்துக் காது மடலை மேலும் கீழும் இழுத்து உள்ளே நிற்கும் தண்ணீரை வடிய விட வேண்டும். பிறகு மற்றப் பக்கம். துவாயால் வெளிக்காதை ஒற்ற வேண்டும், துவாயின் முனையை முறுக்கி உள்ளே விட்டால் அடி விழும். கடைசியாக உடுப்பு மாற்றும் அறையில், ஈரமில்லாத இடத்தில் நிறுத்தி, தலைமயிர் காய வைக்கும் மெஷினைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, இரண்டு காதுக்கும் கொஞ்ச நேரம் காற்று. மெழுகு மாதிரி மெதுமையான காதடைப்பானும் தொப்பியும் போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் சடங்கு உண்டு.

பரமானந்தம் அண்ணை காது சுகமாகி, டொக்டர் சம்மதித்துத் திரும்பி வந்தார். அவருக்குத் தலையில் ஒரு மயிரும் கிடையாது. முதல் நாள் அவரைக் கதிரையில் இருத்தி நான் மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் சுகமாகக் கண்ணை மூடிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி கொண்டுவந்த வெயிற்றர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"ஐயா, முளைக்குமெண்டு சொன்னவையோ?"

சுகந்தி கையை விட்ட நாள்

பெண்கள் வகுப்பில் கோப்பாய்ச் சுகந்தி. ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை. மாமியார் விழுந்து படுக்கையாகிவிட்டார். அவரைத் தூக்கி இருத்தி, தூக்கிக் குளிப்பாட்டி, சுகந்தியின் நாரி போய்விட்டது. தண்ணீருக்குள் இறங்கினால் கரையோரக் கம்பியைப் பிடித்த கையை விடமாட்டார். காதுக்குள் தண்ணீர் போய்விடும் என்பது ஒரு பயம், அதைவிடப் பெரிய பயம் தாழ்ந்துவிடுவோம் என்பது. மற்றவர்கள் அந்தக் கரைக்குப் போய் வருகிற காலத்திலும் அவர் கம்பியோடு நின்றார். நான் பேச்சுக்கு மேல் பேச்சுக் கொடுத்தேன், ஏசினேன், கடைசியில் நானும் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பின்னேரம் தானாகவே கையை விட்டார். என் உள்ளங்கை அவருடைய நாரிக்குக் கீழே இருந்தது. மெதுவாக அதையும் எடுத்தேன். காது இரண்டும் தண்ணீருக்குள், முகம் மட்டும் மேலே. தாழவில்லை. வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். எனக்குக் கண் கலங்கியது, தடாகத்துக்குள் நின்றதால் ஒருவருக்கும் தெரியவில்லை. போட்டிகளில் வாங்கிய பதக்கம் ஒன்றுக்கும் நான் அப்படிப் பெருமைப்பட்டதில்லை. எழுந்து நின்றதும் தலையைச் சரித்துக் காதை வடியவிட்டார், சடங்கை மறக்கவில்லை. பிறகு சொன்னார்:

"மாமியைத் தூக்கித் தூக்கித்தானே என்ரை நாரி போனது. இண்டைக்கு என்னை ஆரோ தூக்கினமாதிரிக் கிடக்கு ரீச்சர். வீட்டை போய் மாமிக்குத்தான் முதல் சொல்லோணும்."

குமிழி

அளவெட்டியிலிருந்து ஒரு நாதஸ்வர வித்துவான் சேர்ந்தார். பெரிய உடம்பு, பெரிய மீசை, சின்னக் குரல். சீனி ஏறி, உடம்பு போட்டு, மூச்சுக் குறைந்துவிட்டது. திருவிழாக் காலத்தில் ஒரு கீர்த்தனையை முடிப்பதற்குள் முந்தி எடுக்காத இடங்களில் எல்லாம் மூச்சு எடுக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னபோது, ஏதோ களவு செய்து பிடிபட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் கையையும் காலையும் பற்றிக் கேட்பார்கள். அவர் மூச்சைப் பற்றி மட்டுமே கேட்டார்.

அவருக்குப் பழக்குவது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை மெல்ல மெல்ல விட வேண்டும், தலையைப் பக்கவாட்டில் திருப்பி ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். மற்றவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுகிற இடம் அது. அவர் ஒரு கிழமையில் பிடித்துக்கொண்டார். விடுகிற மூச்சு நூல் பிடித்த மாதிரி வரும். நீங்கள் பிறவி நீச்சல்காரர் என்று புகழ்ந்தேன். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"நாதஸ்வரத்தை ஊதினால் நாலு சனம் நிண்டு கேக்கும் ரீச்சர். இதுக்குள்ள ஊதினால் குமிழிதான் வருது."

சீவாளி ஊசி

தன் ஊர்க் கோயிலில் கொடியேற ஒரு கிழமை இருக்கும்போது வித்துவான் வலது காதைப் பொத்திக்கொண்டு வந்தார். காது மடலைத் தொடவும் விடவில்லை. அவரை நானே கூட்டிக்கொண்டு காது, மூக்கு, தொண்டை வைத்தியம் பார்க்கும் டொக்டர் அம்மாவிடம் போனேன். காதுக்குழாய் வீங்கி அடைத்துவிட்டது என்றார். செவிப்பறைக்குச் சேதமில்லை, சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டு ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் மாறும், தேருக்கு முன்னர் மாறுமா என்று மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். வித்துவானுக்குத் தன் வாசிப்பே பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்டது. ஊர்த் தேரன்று சுருதி பிசகினால் ஊர் சாகும்வரை மறக்காது, பிறகு ஒரு கோயிலும் கூப்பிடாது. அது அவருடைய பயம். இன்னொரு காது நொந்தால் வகுப்பு இல்லை. அது என்னுடைய பயம். உண்மையைச் சொன்னால் அந்த வரிசையில்தான் இரண்டு பயமும் எனக்கு இருந்தன.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. நீந்தப் போய் வித்துவான் காதைத் துலைத்துவிட்டார், கோயில்காரர் வேறு கோஷ்டியைப் பேசப் போகிறார்கள் என்று கதை பரவியது. எங்கள் மனேஜர் பெண்ணெடுத்தது அளவெட்டியில். கதை மத்தியானத்துக்கு முன்னர் ஹோட்டலுக்கு வந்துவிட்டது. தேர் முடியட்டும், அதுவரை பொறுங்கள் என்று மனேஜரிடம் கேட்டேன். பொறுப்பதாகச் சொன்னார், முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் தினமும் வித்துவானின் மனைவிக்கு அழைத்தேன். பஞ்சில் வாசலின் பூசிக் காதில் வைத்துத்தான் குளிக்கிறார் என்றும், அவருடைய அக்கா உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு வந்தபோது தானே வாசலில் மறித்துத் திருப்பிவிட்டதாகவும் அந்த அம்மா சொன்னபோது, அவருக்கும் ஒரு பதக்கம் கொடுக்கலாம் என்று தோன்றியது.

எதனால் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தடாகத்தில் சடங்கெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, வீட்டில் காது அரித்துக் கடித்தபோது, நாதஸ்வரத்தில் தொங்குகிற, வாய் வைத்து ஊதும் சீவாளியைச் சரிபார்க்கும் ஊசியை எடுத்துக் குடைந்திருக்கிறார். அதை டொக்டர் அம்மா கேட்டு வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதையா காதுக்குள் விட்டீர்கள் என்று கேட்டார். வித்துவானுக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஊத்தை ஊசி இல்லை டொக்டர். வெள்ளிக்கு வெள்ளி சாம்பிராணி காட்டுறனாங்கள்."

தேரன்று

கொடியேற்றத்துக்கு வித்துவானின் தம்பியார் வாசித்தார், வித்துவான் பக்கத்தில் நின்று சுருதிக்கு ஒத்து ஊதினார். அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் அதே கதை. தேருக்கு முதல்நாள் டொக்டர் அம்மா காதைப் பார்த்து, வீக்கம் வடிந்துவிட்டது, வாசிக்கலாம் என்றார். வாசிக்கலாம் என்பது வேறு, வாசிப்பது வேறு. அன்றிரவு நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

விடியவே சேலை கட்டிக்கொண்டு அளவெட்டிக்குப் போனேன். பரமானந்தம் அண்ணை வந்திருந்தார், சுகந்தி வந்திருந்தார், என் வகுப்பே கோயில் வீதியில் நின்றது. எதிர்ப் பக்கம் மனேஜர் மனைவியோடு நின்றார். மாதா கோயில் பெருநாளுக்கு பாண்ட் வாத்தியம் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. ராகம் ஒன்றும் தெரியாது. ஆனால் மூச்சுத் தெரியும். வித்துவான் முன்னுக்கு வந்து நாதஸ்வரத்தை உயர்த்தியபோது நான் அவருடைய நெஞ்சை மட்டுமே பார்த்தேன். மூச்சை இழுத்தார். தோள் ஏறவில்லை, வயிறு அகன்றது, நான் பழக்கியது. வாசிப்புப் போனது, போய்க்கொண்டே இருந்தது. சனம் கதைப்பதை நிறுத்தியது. வடத்தைப் பிடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பியார் இடையில் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார், வித்துவான் கொடுக்கவில்லை. தெற்கு வீதி மூலையில் தேர் நின்றபோது ஒரு கீர்த்தனையை எடுத்து, எங்கே மூச்சு வாங்குகிறார் என்று எனக்கே பிடிபடாமல் வாசித்து முடித்தார். சுருதி நின்றதா என்று பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓம் என்று தலையை ஆட்டினார். எதிர்ப் பக்கம் மனேஜர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வகுப்பு அதோடு தப்பியது.

தேர் சுற்றி முடித்து இருப்புக்கு வந்த பிறகு வித்துவானிடம் போனேன். மனிதர் சிரித்துக்கொண்டு வலது காதைத் தொட்டுக் காட்டினார். அவருக்குப் பல வருடமாகத் தவில் வாசிக்கிறவர் பக்கத்தில் இருந்து விரல்களை ஊதி ஊதித் தேய்த்துக்கொண்டிருந்தார். நீங்கள்தானா அந்த நீச்சல் ரீச்சர் என்று கேட்டார். ஓம் என்றேன். ஏச்சுத்தான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"முந்தி அண்ணை மூச்சு வாங்கிற இடத்திலதான் நான் கையை உதறி எடுக்கிறது. இண்டைக்கு உதற ஒரு இடம் தரேல்லை. திங்கக்கிழமை நானும் வாறன் ரீச்சர், இல்லாட்டி இந்த மனுசனோட இனி ஏலாது."

பெரியவர்களின் காதை அவர்களுடைய சொந்தக் கையிலிருந்து காப்பாற்றிக் கொடுத்துவிட்டால் மிச்சத்தைத் தண்ணீரே பழக்கிவிடும் என்பதுதான் இந்தத் தொழிலின் முழு இரகசியம், இதை எங்கள் மனேஜரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.